கொலுப்படிக்குக் கீழே ஒரு ஸ்டோன்பரி

கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது கொலு அல்ல, மூலை. ஜன்னலுக்கு இடப்புறம், என்னுடைய பேஸ் கிடார் ஆம்பிளிஃபையர் நின்றிருக்க வேண்டிய மூலை. அங்கே ஒரு துடைப்பமும், அதன்மேல் உரிமையோடு சாய்ந்தபடி ஒரு முறமும் இருந்தன.

கும்பகோணத்தில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்த நான் அன்று காலைதான் மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். நவராத்திரி தொடங்கிவிட்டது. சாம்பிராணிப் புகை, ஊறிய கொண்டைக்கடலையின் வாசனை, மடிப்புக் கலையாத பட்டின் மொரமொரப்பு எல்லாம் கூடத்தில் நிறைந்திருந்தன. கையில் இருந்த பையைக் கீழே வைக்காமலே கேட்டேன்.

"வைதேகி, என் ஸ்டோன்பரி எங்கே?"

சமையலறையில் தேங்காய் துருவும் ஓசை நிற்கவில்லை. "எங்கேயும் போகலை. ஆத்துலதான் இருக்கு."

"ஆத்துல எங்கேன்னு கேக்கறேன்."

"கண்ணுக்கு முன்னாலதான் இருக்கு. சுவாமிக்குக் கீழே."

கொலுவை நெருங்கிப் பார்த்தேன். உச்சிப் படியில் கலசம். அதன் கீழே தசாவதாரம், மரப்பாச்சித் தம்பதி, பல்லக்கு ஊர்வலம். கடைசிப் படியில், அரிசியும் பருப்பும் பரப்பிய சிறு கடையோடு செட்டியார் பொம்மை. படிகளை மூடித் தொங்கிய பட்டு வேட்டியின் ஓரத்தை விலக்கினேன். உள்ளே இரண்டு டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே, ஒட்டுமொத்தக் கொலுவின் பாரத்தையும் தலையில் தாங்கியபடி, கறுத்த மேனியும் உலோக மூலைகளுமாக அமர்ந்திருந்தது என் ஸ்டோன்பரி.

"பழைய இரும்புப் படி ஆடறதுன்னு போன வருஷமே சொன்னேன். நீங்க பேப்பர் படிச்சிண்டே தலையை ஆட்டினேள்." துருவலைக் கையில் வைத்துக்கொண்டே வைதேகி வெளியே வந்தாள். "இந்த ஆத்துல அசையாம ஒரே எடத்துல இருக்கற வஸ்து ரெண்டுதான். ஒண்ணு ஊருக்குப் போயிடுத்து. மத்ததை வாட்ச்மேனையும் இஸ்திரிக்காரரையும் விட்டுத் தூக்கி வெச்சேன்."

"சனிக்கிழமை அடையாறுல கச்சேரி. எனக்கு அது வேணும்."

"கலசம் வெச்சாச்சே. விஜயதசமி அன்னிக்கு ஒரு பொம்மையைப் படுக்க வெச்சப்புறம் எடுத்துக்கோங்கோ."

கலசம் வைத்த கொலுவை நடுவில் கலைப்பதில்லை. எந்த வீட்டில் எந்தச் சட்டம் தளர்ந்தாலும் இது தளராது.

இதில் என்ன பெரிய இடர் என்று வாசகர்கள் எண்ணலாம். வேறு ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்து வாசித்துவிட்டுப் போகலாமே என்றும் கேட்கலாம். கேட்கலாம்தான். ஆனால் மேடையில் ஸ்டோன்பரி நின்றால்தான் நானும் நிற்பேன் என்று இரு வாரங்களுக்கு முன்புதான் நண்பர்கள் முன்னிலையில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஸ்டோன்பரி வந்த கதை

காப்பீட்டுத் துறையில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவன் நான் என்பதை இத்தொடரின் முந்தைய பகுதிகளில் எழுதியிருக்கிறேன். பொருளாதாரத்தில் முதுகலை பயின்ற நாட்களில் கல்லூரி மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தேன் என்பதை எழுதவில்லை. அலுவலகத்தில் என் கீழ்ப் பணியாற்றியவர்கள் இப்பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்பதே காரணம். இனி மறைப்பதில் பயனில்லை.

பேஸ் கிடாருக்கு நான்கு தந்திகள். அதன் ஒலியை மக்கள் கேட்பதில்லை. அது நின்றுபோனால் மட்டும், ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். நிர்வாகப் பதவியும் ஏறத்தாழ அவ்வாறுதான். அதனால் அந்தக் கருவி என் இயல்புக்குப் பொருந்தியது.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் பழைய குழுவினர் மீண்டும் கூடினோம். அப்போது நான் செய்த முதல் காரியம், கடல் கடந்து வரும் ஸ்டோன்பரி ஆம்பிளிஃபையர் ஒன்றை வாங்கியது. ஒரே பெட்டிக்குள் ஆம்பிளிஃபையரும் ஒலிபெருக்கியும் அடங்கியது. அதன் விலையை நான் எவரிடமும் சொன்னதில்லை. கேட்டால் மெல்லச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். ஊகிப்பவர்கள் எப்போதும் உண்மை விலையைவிடக் கூடுதலாகவே ஊகிக்கிறார்கள். அதைத் திருத்துவது என் கடமை அன்று.

வந்த நாளன்று அதற்குச் சந்தனம், குங்குமம் இட்டு, சக்கரம் பொருந்திய அடிப்பாகத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மறுநாளே மயிலாப்பூர் மாட வீதியருகே ஒரு தையற்காரரிடம் அளவு கொடுத்து நீல நிறத்தில் ஓர் உறை தைக்கச் செய்தேன். அதன் முகப்பில் ஸ்டோன்பரி என்று ஆங்கிலத்தில் பொன்னிற நூலால் பூவேலை. தையற்காரர், "வீணைக்குத் தைச்சிருக்கேன், மிருதங்கத்துக்குத் தைச்சிருக்கேன், பீரோவுக்கு இப்பதான் சார் தைக்கிறேன்" என்றார்.

பெட்டியோடு நிறுவனத்தின் சின்னம் பொறித்த ஓர் ஒட்டுத்தாளும் வந்திருந்தது. அதை உத்தரவாதச் சீட்டோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். அண்டை வீட்டார் ஒருவர் தம் ஸ்கூட்டரில் ஒட்டக் கேட்டபோதும் மறுத்தேன். நற்பெயரை ஸ்கூட்டரில் ஒட்டலாகாது.

இங்கே மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். ஸ்டோன்பரியின் ஒலியில் தொடக்கத்தில் ஒரு மெல்லிய 'ஜிர்ர்' என்ற கார்வை இருந்தது. அது அயல்நாட்டுத் தயாரிப்புக்கே உரிய நயம் என்று கருதினோம். பாடகரான சம்பத், கண்களை மூடி, "இது நம்ம ஊர்ல வராதுப்பா" என்பார். ஓராண்டுக்கு மேல் அந்த நயத்தோடு பல மேடைகளில் வாசித்தேன். பிறகு ஒருநாள் என் நண்பன் ஜாபர், பெட்டியின் முகப்பை நகத்தால் சுரண்டி, தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை நீளமாக உரித்தெடுத்தான். தாளோடு கார்வையும் போய்விட்டது.

தாள் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. புதுப் பொருளின் தாளை உரிக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியில் இன்றும் இருக்கிறது. அந்தக் கார்வையை இழந்ததில் எனக்கு இன்னும் சிறு வருத்தம் உண்டு.

தி. நகரில் கொடுத்த வாக்கு

எங்கள் குழுவின் பெயர் பஞ்சமம். உறுப்பினர் நால்வர். ஐந்தாமவர் பேரக் குழந்தையைப் பார்க்க அமெரிக்கா சென்றவர் இன்னும் திரும்பவில்லை. பெயரை மாற்றினால் அவர் மனம் புண்படும் என்று விட்டுவிட்டோம்.

ஒத்திகை தி. நகரில் சம்பத்தின் வீட்டு மாடியில் நடக்கும். கீழே பண்டிகைக் கூட்டம் புடவைக் கடைகளுக்குள் புகுந்து வெளியேறும் இரைச்சலில் எங்கள் பிழைகள் கரைந்துவிடும். அன்று ஒத்திகை முடிந்து பஜ்ஜி வந்தபோது ஜாபர் பேச்சைத் தொடங்கினான்.

ஜாபர் குழுவின் கிடார் கலைஞன். கல்லூரிக் காலத் தோழன். ராயப்பேட்டையில் ஒலிபெருக்கி வாடகைக் கடை நடத்துகிறான். ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் அவனே செய்கிறான். அடக்கம் என்பது அவனுக்கு அறவே பழக்கமில்லாத ஒன்று.

"சீனு, நானும் ஒரு பேஸ் டப்பா பண்ணிக்கீறேன். உன் மிஷின் வெலையில கால்வாசிகூட ஆவல. அடையாறுக்கு அத்த எத்துக்கினு போலாம். உன்னுத மாடி ஏத்தறதுக்குள்ள என் ஆளுங்களுக்கு இடுப்பு உட்டுப்பூடுது."

"கனம்தான் ஜாபர் தரத்தோட அடையாளம்" என்றேன்.

"அப்போ அம்மிக்கல்லுல ஒயர் மாட்டி வாசி நைனா."

சம்பத் பஜ்ஜியோடு சிரித்ததில் அவருக்குப் புரையேறியது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜாபரின் கடையைப் பற்றி நான் அறிந்த ஒன்றை அங்கே சொல்ல வேண்டியதாயிற்று. அவன் மேசை இழுப்பறை நிறைய அயல்நாட்டுப் பெயர்கள் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் உண்டு. ஒரே பெட்டி ஞாயிற்றுக்கிழமைத் திருமணத்தில் ஜெர்மனி. திங்கட்கிழமை வளைகாப்பில் ஜப்பான். "உன் பெட்டி நல்ல பெட்டின்னா ஏன் அடுத்தவன் பேரை ஒட்டறே?" என்று கேட்டேன்.

"கல்யாண வூட்டுக்காரன் காதால கேக்கறதில்ல நைனா, கண்ணால கேக்கறான். பேரு ஒட்னா செம சவுண்டுன்றான். ஒட்டலேன்னா கரகரன்றான். நான் இன்னா பண்றது?" பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு விரலை நீட்டினான். "ஆனா ஒண்ணு சொல்ட்டேன். இன்னா பேரு வேணா ஒட்டுவேன். உன் ஸ்டோன்பரி பேர மட்டும் என் டப்பால ஒட்ட மாட்டேன். சத்தியம்!"

"ஒட்டவே வேண்டாம். ஸ்டோன்பரி மேடையில நின்னா நான் நிப்பேன். இல்லேன்னா இல்லை. இது என் வாக்கு."

கீழே ஏதோ கடையில் தள்ளுபடி அறிவித்தார்கள். நாங்கள் இருவரும் தள்ளுபடிக்கு இடமின்றி எழுந்து கைகழுவினோம்.

செட்டியார் பாய்ந்தார்

கச்சேரிக்கு முந்தின நாள் மாலை, ஸ்டோன்பரியை ஏற்றிப் போக ஜாபர் வேனோடு வந்தான். சம்பத்தும் உடன் வந்தார். வைதேகி இருவருக்கும் சுண்டல் கொடுத்தாள். மேல்மாடி மாமிகள் மூவர் ஏற்கெனவே அமர்ந்திருந்தார்கள்.

அதுவரை எவரிடமும் சொல்லாதிருந்த நான், பட்டு வேட்டியை விலக்கி நிலைமையைக் காட்டினேன். ஜாபர் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், மீண்டும் குனிந்து பார்த்தான். வைதேகி அவனுக்கு அண்ணி முறை.

"பாபீ, சூப்பர்! இத்தினி நாள்ல இந்த மிஷினுக்கு இப்பதான் சரியான வேலை குட்த்துகீறீங்க."

"இதுக்குப் படி பண்ணச் சொல்லியிருந்தா நீங்களே பண்ணியிருப்பேள். கேக்கத் தோணலை பாய்" என்றாள் வைதேகி.

"அது சரி, இத்தினி வெயிட்டுக்குக் கீய கெடக்குதே, உயிரோட கீதா? அமுங்கிப் பூட்டிருக்கும் நைனா."

ஏளனத்தை நான் பொறுத்துக்கொள்வேன். ஒரு தயாரிப்பின் கட்டுமானத்தைப் பற்றிய ஐயத்தைப் பொறுக்க முடியாது. பேஸ் கிடாரை எடுத்து வந்தேன். தரையில் மண்டியிட்டு, பிறகு கிட்டத்தட்டப் படுத்து, படிகளுக்குப் பின்புறம் கைவிட்டு ஒயரைச் செருகினேன். எழும்போது மேல்மாடி மாமி ஒருவர், "மாமா நமஸ்காரம் பண்றார் போலிருக்கு" என்று எதிரில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"ஏன்னா, மெதுவா" என்றாள் வைதேகி.

மெதுவாகத்தான் வாசித்தேன். கனத்த தந்தியை ஒரே ஒருமுறை மீட்டினேன்.

ஒலி கேட்டது என்பதைவிட, கூடம் அதை உணர்ந்தது என்பதே பொருந்தும். முதலில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை தலையசைத்தது. பல்லக்கு ஊர்வலம் இரண்டங்குலம் முன்னேறியது. மரப்பாச்சித் தம்பதி, திருமணமான நாளிலிருந்து முதன்முறையாக, ஒருவரையொருவர் நோக்கித் திரும்பினார்கள். கலசத்துத் தேங்காய் கிடுகிடுத்தது. கடைசிப் படிச் செட்டியார், தம் அரிசி பருப்பை எல்லாம் துறந்து, விளிம்பைத் தாண்டிப் பாய்ந்தார்.

ஜாபர் தரையில் சறுக்கி விழுந்து அவரை இரு கைகளிலும் பிடித்தான். சுண்டல் கிண்ணம் உருண்டது.

"ஆடற கொலு!" என்று மாமிகள் கைதட்டினார்கள். "வைதேகி, இதை எங்கே வாங்கினே? ஒன்ஸ் மோர் மாமா!"

இரண்டாவது முறை தந்தியில் கைவைக்கப் போனேன். இதை எழுதும்போதும் அந்த ஒலியின் நிறைவு நெஞ்சில் நிற்கிறது. ஆனால் அதற்குள் வைதேகி பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"கச்சேரி அடையாறுல. இங்கே இல்லை" என்றாள். செட்டியாரை ஜாபரின் கையிலிருந்து வாங்கி, மூக்கைத் தடவிப் பார்த்து, கடையில் அமர்த்தினாள்.

நான் கிடாரை அதன் பைக்குள் வைத்தேன். "சம்பத், நாளைக்கு நான் வரலை. வேற யாரையாவது ஏற்பாடு பண்ணிக்கோ."

"நாளைக்குக் கச்சேரிய வெச்சிண்டு இன்னிக்கு யாரைடா தேடுவேன்? ஜாபர் பெட்டில வாசிச்சாத்தான் என்ன?"

"வாக்குக் கொடுத்துட்டேன்."

சம்பத் தலையில் கைவைத்து அமர்ந்தார். மறுநாள் பேஸ் இல்லாமல் பஞ்சமம் மேடையேறும் என்பது உறுதியாயிற்று. நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் சேர்ந்த குழு, ஒரு செட்டியார் பொம்மையை முன்னிட்டுப் பிரியப்போகிறது. ஜாபர் சிதறிய சுண்டலைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டான். போகும்போது வைதேகி அவனை வாசலில் நிறுத்தி ஏதோ பேசினாள். வெற்றிலை பாக்குக் கொடுக்கிறாள் என்றே நினைத்தேன்.

அடையாறு மேடை

சனிக்கிழமை மாலை, "பாட்டுக் கேக்கவாவது போங்கோ" என்று வைதேகி என்னை அனுப்பிவைத்தாள். குழுவைக் கைவிட்டவன் என்ற பெயர் எனக்கும் வேண்டியிருக்கவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, அடையாற்றில் அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் பந்தலுக்குள் நுழைந்து முன்வரிசை நாற்காலியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு மேடையைப் பார்த்தேன்.

மேடையின் இடப்புறம் என் நீல உறை நின்றுகொண்டிருந்தது. பொன்னிற நூலில் ஸ்டோன்பரி. அதன்மேல் என் பேஸ் கிடார் சாய்ந்திருந்தது.

கொலுவைக் கலைத்துவிட்டாளா! கைப்பேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினேன்.

"கொலு அப்படியேதான் இருக்கு" என்றாள் வைதேகி. "செட்டியார் சௌக்கியம்."

"அப்போ மேடையில இருக்கறது?"

"உறை ஸ்டோன்பரியோடது. மேடையில ஸ்டோன்பரி நிக்கணும்னுதானே சொன்னேள்? பேர் நிக்கறதா இல்லையா? பேசாம ஏறி வாசிங்கோ. மாமிகள் வந்திருக்கா, வெச்சுடறேன்."

மேடையில் ஜாபர் என்னைப் பார்க்காமல் கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். சம்பத் மட்டும், மழைக்கு முன் வானத்தைப் பார்ப்பவர் போல என்னையே பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினேன்.

அந்தப் பெட்டி எப்படி ஒலித்தது என்பதைப் பற்றி ஒரு வாக்கியம் மட்டும் எழுதுகிறேன். மூன்றாவது பாட்டில், இது யாருடைய பெட்டி என்பது எனக்கு மறந்துபோயிற்று.

உறைக்கு உள்ளே

கச்சேரி முடிந்ததும் குடுமி போட்ட ஒருவர் மேடைக்கு வந்தார். ஏதோ ராக் குழுவில் பேஸ் வாசிப்பவராம்.

"சார், செம டோன் சார். கண்ண மூடிட்டுக் கேட்டாலே ஸ்டோன்பரின்னு தெரியுது. அந்த வெல சும்மாவா? லோக்கல் பாக்ஸ்ல இந்த பேஸ் வரவே வராது."

அருகே ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த ஜாபர், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல், "எங்க தம்பி வரும்? வராது" என்றான்.

நான் புகழ்ச்சிக்குப் பழகியவன். ஆனால் அது எனக்குரிய விலாசத்துக்கு வந்திருக்க வேண்டும். நண்பனின் உழைப்புக்கு அவன் எதிரிலேயே வேறொரு பெயர் பரிசு வாங்குவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. வாக்குப் போனாலும் போகட்டும் என்று துணிந்தேன்.

"ஒரு நிமிஷம் இருங்கோ" என்று உறையின் ஜிப்பைப் பற்றினேன்.

"நைனா, இன்னாத்துக்கு இப்போ அத்தப் போய்..." என்று ஜாபர் பதறி வருவதற்குள் முழுதாக இழுத்துக் கழற்றிவிட்டேன்.

உள்ளே ஜாபர் செய்த பெட்டி. அதன் நெற்றியில், என் பீரோவில் பூட்டியிருந்த, அண்டை வீட்டு ஸ்கூட்டருக்கு நான் மறுத்த அதே ஸ்டோன்பரிச் சின்னம், சற்றே கோணலாக ஒட்டப்பட்டிருந்தது.

குடுமிக்காரர் குனிந்து அதைப் பயபக்தியோடு தொட்டார். "பாருங்க சார், லோகோகூட லேசாக் கோணலா இருக்கு. ஹேண்ட்மேட் சார்! மெஷின்ல ஒட்டினா இப்படி வராது." கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு விடைபெற்றார்.

திரும்பும்போது ஜாபரின் வேனில் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டேன். மயிலாப்பூர் நெருங்கியபோது கேட்டேன்.

"ஸ்டோன்பரி பேரை ஒட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே."

"நீகூடத்தான் வாசிக்க மாட்டேன்ன. ரெண்டும் சரியாப் பூட்ச்சு. எவனாவது உறையத் தூக்கிப் பாத்தா உன் மானம் போவுமேன்னு பாபீகிட்ட வாங்கி ஒட்னேன். கடைசில பாத்தா தூக்கனதே நீதான்." ஸ்டீயரிங்கைத் தட்டினான். "அது கெடக்கட்டும். டப்பா எப்டி கீது?"

"பாதகமில்லை."

"பாதகமில்லையா! காலேஜ்லேர்ந்து பாத்துக்கினு கீறேன், நல்லாகீதுன்னு ஒரு வார்த்த வராதே உன் வாய்ல."

"ஜாபர், உன் பேருல ஒரு ஸ்டிக்கர் இருந்தாக் கொடேன்."

அவன் சிரித்தான். "எல்லா நாட்டு ஸ்டிக்கரும் கீது. என் பேர்ல எதுக்கு? எவன் ஒட்டுவான்?"

விஜயதசமியன்று ஒரு மரப்பாச்சியைப் படுக்கவைத்து, மறுநாள் படிகளைப் பிரித்தோம். ஸ்டோன்பரி மீண்டும் தன் மூலைக்கு வந்தது. அதற்குள் நான் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்துக்குப் போய்வந்திருந்தேன். 'ஜாபர், ராயப்பேட்டை' என்று, அலங்காரமில்லாத நேரான எழுத்தில் ஓர் ஒட்டுத்தாள். ஒன்று மட்டும் அச்சிட மாட்டார்களாம். ஒரு கட்டு வாங்க வேண்டியதாயிற்று. முதலாவதை என் ஸ்டோன்பரியின் நெற்றியில், அளவுகோல் வைத்து, ஒரு நூல்கூடக் கோணாமல் ஒட்டினேன். மீதியை ஜாபரின் மேசை இழுப்பறையில், ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் மேலே வைத்துவிட்டு வந்தேன்.

"அடுத்த வருஷமும் கீழ்ப்படிக்கு அதுதான்" என்று வைதேகி அறிவித்துவிட்டாள். மேல்மாடி மாமிகள் ஆடும் கொலுவுக்கு இப்போதே தேதி கேட்கிறார்கள்.

சென்ற வாரம் ஜாபர் தொலைபேசியில் அழைத்தான். குரலில் பரபரப்பு. மேற்கு மாம்பலத்துக் கல்யாண வீட்டார் ஒருவர் கடைக்கு வந்திருக்கிறார், பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "ஜாபர்னா எந்த நாட்டுக் கம்பெனி?" என்று கேட்கிறார்.

"எதிர்ல குந்திக்கினுகீறாரு. இன்னா சொல்லட்டும் நைனா?"

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் நான் தயங்கவில்லை.

"முதல்ல விலையைச் சொல்லு. நாட்டை அவரே கண்டுபிடிச்சுப்பார்."